முறுக்கிக் கொள்ளாத தூண்டில்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தபோது, "நீ மெக்கானிக்கல் ஆச்சே, டர்பைனைப் பத்தியோ ரோபோவைப் பத்தியோ எழுதிக் கொடேன்" என்றார்கள். டர்பைனைப் பற்றி நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. தேர்வுக்கு முந்தின ராத்திரி எல்லோரும் படித்துக் கொள்ளலாம்! நான் எழுதப் போவது மீன் பிடிக்கிற தூண்டிலைப் பற்றி.

சிரிக்க வேண்டாம். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் 'டார்ஷன்' என்ற அத்தியாயத்தை நான் மனப்பாடம்தான் செய்து வைத்திருந்தேன். அதை உண்மையிலேயே எனக்குப் புரிய வைத்தது ஒரு தூண்டில் கோல். அதற்கு நான் கட்டிய ஃபீஸ், என் மாமாவிடம் வாங்கிய திட்டு.

நடந்தது என்ன?

எங்கள் வீடு ஆரணியில் தறி போட்ட வீடு. அப்பா பட்டுச் சேலை நெய்கிறார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். வாரத்தில் கிடைக்கும் ஒரு நாள் லீவில் நண்பர்களோடு படகில் போய் மீன் பிடிப்பதுதான் அவருக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு. போன வருடம் ஊருக்கு வந்தபோது தன் தூண்டிலையும் கூடவே கொண்டு வந்தார். கார்பன் இழையில் செய்த கோல். இரண்டு மாதச் சேமிப்பைப் போட்டு வாங்கியது. விமானத்தில் எங்கேயோ அடிபட்டு, அதில் ஒரு வளையத்தின் நூல்கட்டு பிரிந்து போயிருந்தது.

"பட்டு நெய்யற ஊர்ல நூலுக்கா பஞ்சம்? நல்ல நூலாப் பார்த்து இந்த ஒரு வளையத்த மட்டும் கட்டி வை மாப்ளே. நாலு நாள்ல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மாமா குடியாத்தம் போய்விட்டார்.

கோலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தங்கூஸ் சுற்றிய ரீல், கோலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ரீலில் இருந்து கிளம்பும் நரம்பு, கோல் நெடுக உள்ள வளையங்களுக்குள் நுழைந்து நுனிக்குப் போக வேண்டும். முதல் வளையம் ரீலைப் போலவே மேலே இருக்கிறது. இரண்டாவது கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மூன்றாவது இன்னும் சாய்ந்திருக்கிறது. நான்காவது கோலுக்கு அடியிலேயே போய்விட்டது! அதற்கப்புறம் நுனி வரைக்கும் எல்லா வளையமும் அடியில்தான்.

'கட்டினவன் தூக்கக் கலக்கத்தில் கட்டிவிட்டான்' என்று முடிவு செய்தேன். லேத்தில் சென்டர் பார்த்துப் பார்த்தே பழகிய கண் அல்லவா? கோணல் பொறுக்கவில்லை. பிளேடை எடுத்தேன். ஒரு வளையம் கட்டச் சொன்னார், நான் எட்டையும் அறுத்தேன். கோலின் முதுகில் நூல் பிடித்து, எட்டு வளையத்தையும் மேலேயே ஒரே நேர்கோட்டில் நிறுத்தினேன். முகூர்த்தச் சேலைக்குச் சாயம் போட்டு மிஞ்சிய அரக்குச் சிவப்புப் பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, மேலே வார்னிஷ் பூசினேன்.

இங்கே ஒரு வேடிக்கை. வார்னிஷ் பட்டதும் அந்தச் சிவப்பு கறுத்து, கண்ணாடி போல ஆகி, உள்ளே இருக்கும் வளையத்தின் உலோகக் கால் தெரிய ஆரம்பித்துவிட்டது. பட்டு இழைக்குள் இருந்த காற்றின் இடத்தை வார்னிஷ் பிடித்துக் கொண்டால் ஒளி சிதறாமல் உள்ளே போய்விடும். தண்ணீர் பட்ட வெள்ளை வேட்டி கொஞ்சம் ஊடுருவித் தெரிவது போலத்தான். அந்தக் காலத்தில் பட்டு நூலால் தூண்டில் கட்டியவர்கள், நிறம் போகாமலிருக்க முதலில் வேறொரு பூச்சுப் பூசி, அதற்கப்புறம்தான் வார்னிஷ் பூசினார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மாமா திரும்பி வந்தார். கோலைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க?"

"எல்லாம் கோணலா இருந்துச்சு மாமா. நேரா கட்டிட்டேன்."

"எவன்டா உன்ன நேரா கட்டச் சொன்னது?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. ரீலைப் பொருத்தி, நரம்பை வளையங்களில் கோத்து, ஒரு பக்கெட்டில் மூன்று லிட்டர் தண்ணீர் பிடித்து அதன் கைப்பிடியில் முடிச்சுப் போட்டார். கோலை என் கையில் கொடுத்து, "தூக்கு" என்றார்.

தூக்கினேன். கோல் வில்லாக வளைந்தது. பக்கெட் தரையை விட்டு எழும்பிய அதே நொடியில், என் கைக்குள் கோல் தானாகவே புரண்டது! மேலே நேராக நான் நிறுத்திய வளையங்கள் பக்கவாட்டில் சாய்ந்து, அடிப்பக்கம் ஓடப் பார்த்தன. மணிக்கட்டை முறுக்கிப் பிடித்து நிறுத்திப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட முடியவில்லை.

"இது சும்மா தொங்கற பக்கெட்டு. கடல்ல இது உயிரோட இப்படியும் அப்படியும் ஓடும். அரை மணி நேரம் புடிச்சா கை இன்னா ஆவும்?" என்றார் மாமா.

கட்டினவன் தூங்கவில்லை தோழர்களே. தூங்கியது நான்தான்.

ஏன் புரள்கிறது?

முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸில் படித்ததை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். சமநிலை மூன்று வகை. ஆணியில் தொங்கும் காலண்டரைத் தட்டினால், ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே வரும். இது நிலையான சமநிலை. உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திய விளக்குமாறு, கொஞ்சம் சாய்ந்தாலும் விழுந்துவிடும். இது நிலையற்ற சமநிலை. தரையில் உருளும் கோலிக்குண்டு எங்கே நிறுத்தினாலும் நிற்கும். இது மூன்றாவது.

வளைந்த தூண்டில் கோலை நினைத்துக் கொள்ளுங்கள். மீன் கீழே இழுக்கிறது. வில்லின் வெளிப்பக்கம் மேலே, உள்பக்கம் கீழே. இழுவிசை ஏறிய நரம்புக்கு ஒரே ஒரு ஆசைதான்: இரண்டு முனைக்கும் இடையே உள்ள குறுக்கு வழியில் போக வேண்டும். வில்லில் நாண் எந்தப் பக்கம் இருக்கிறது? உள்பக்கம். அங்கே போகத்தான் தூண்டில் நரம்பும் துடிக்கிறது. வளையங்களை மேலே கட்டினால், அந்த நரம்பை வெளிப்பக்கமாகச் சுற்றிப் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறோம். அது ஒவ்வொரு வளையத்தையும் கோலை நோக்கி அழுத்திக் கொண்டே இருக்கும். எல்லாம் நூல் பிடித்தாற்போல நேராக இருக்கும் வரை சரி. ஒரு டிகிரி சாய்ந்தால் போதும், அந்த அழுத்தமே முறுக்கும் விசையாகி மேலும் சாய்க்கும். சாயச் சாய முறுக்கு கூடும். விளக்குமாற்றின் கதைதான்.

வளையங்கள் அடியில் இருந்தால்? காலண்டரின் கதை. நரம்பு போக விரும்பிய இடத்திலேயே அது இருக்கிறது. கோலைக் கொஞ்சம் திருப்பினாலும் அதுவே திரும்பி வந்துவிடும்.

அப்படியென்றால் எல்லா வளையத்தையும் அடியில் கட்டிவிட வேண்டியதுதானே? ரீலும் அடியில் இருந்தால் அப்படித்தான் செய்கிறார்கள். ரீல் மேலே இருப்பதில்தான் சங்கடமே வருகிறது.

ரீல் மேலே ஏறிய கதை

தூண்டில் நமக்குப் புதிதல்ல. வள்ளுவரே 'சூது' அதிகாரத்தின் முதல் குறளில் தூண்டிலை விழுங்கும் மீனை உவமையாகச் சொல்கிறார். ஆனால் நம் ஏரிக்கரைத் தூண்டிலில் மூங்கில் கழியின் நுனியில் நரம்பைக் கட்டிவிடுவதோடு சரி. ரீலும் இல்லை, வளையமும் இல்லை. அதனால் இந்தப் பிரச்சினையும் இல்லை.

ரீல் வைத்த தூண்டிலோடு நம் நாட்டு மீன்களைப் பிடிப்பதைப் பற்றி விரிவாக எழுதியவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். சென்னை மாகாணத்தில் சிவில் சர்வீஸ் அதிகாரியாக இருந்தவர். 'தி ராட் இன் இந்தியா' என்ற அவருடைய புத்தகம் 1873-ல் வந்தது. பின்னால் ஏரி, குளத்து மீன்பிடிப்பைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதினார். காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் இருந்த பெரிய மீன்கள் அப்படிப்பட்டவை. 1946-ல் கபினி ஆற்றில் மைசூர் வான் இங்கன் குடும்பத்துக்காரர் ஒருவர் தூண்டிலில் பிடித்த மஹசீர் மீன் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ! நான் மூன்று கிலோ பக்கெட்டுக்கே தடுமாறினேன் என்பதை நினைவில் கொள்ளவும்.

ரீல் கோலின் மேலே ஏறியது அமெரிக்காவில். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்ற ஊரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரம் செய்பவர் இருந்தார். கடிகாரப் பல்சக்கரத்தை ரீலுக்குள் வைத்தால் என்ன என்று யோசித்தார். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ரீல் பல சுற்றுச் சுற்றும். நம் கியர் ரேஷியோதான். இந்த ரீலின் நரம்புச் சுருளைக் கட்டைவிரலால் அழுத்திக் கட்டுப்படுத்த வேண்டும். கட்டைவிரல் மேலே இருக்கிறது, அதனால் ரீலும் மேலே இருப்பதுதான் வசதி. ரீல் மேலே என்றால் வளையங்களும் மேலே. யாரும் வேறு மாதிரி யோசிக்கவில்லை. விளக்குமாறு உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது இப்படித்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கதை இருக்கிறது. நெசவு ஊர்க்காரர்கள் நாம் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்! இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்ற கம்பளி நெசவு நகரம். அங்கே ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் என்பவர், 1905-ல் ஒரு புதுவகை ரீலுக்குப் பேட்டன்ட் வாங்கினார். அதில் நரம்புச் சுருள் சுழலவே சுழலாது. நரம்பு சுருளின் நுனி வழியாக உருவிக் கொண்டு வெளியே போகும். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? விசைநாடாவுக்குள் இருக்கும் தாரில் இருந்து ஊடை நூல் உருவி வருவதும் அப்படித்தானே! ஆலையில் தினமும் பார்த்த நூல்கண்டில் இருந்துதான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். இந்த ரகத்தில் இருந்து வளர்ந்த 'ஸ்பின்னிங் ரீல்' கோலுக்கு அடியில் தொங்கும், வளையங்களும் அடியில். புரளும் பிரச்சினை இல்லை. ஆனால் ஒன்றைக் கொடுத்தால் ஒன்றை எடுத்துக்கொள்வதுதானே இயற்கை! நூல் நுனி வழியாக உருவும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு அதில் ஏறும். பெரிய மீனோடு நேருக்கு நேர் மல்லுக்கட்ட, மேலே உட்காரும் ரீலின் பலமும் அதற்கு வராது. ஆகையால் ஆழ்கடலில் பிடிப்பவர்கள் இன்றைக்கும் மேல் ரீலை விடவில்லை.

இதற்கிடையில் கோலும் மாறிக் கொண்டே வந்தது. 1840-களில் பென்சில்வேனியாவில் சாமுவேல் பிலிப் என்ற துப்பாக்கி செய்பவர், மூங்கிலைப் பிளந்து சீவி, பட்டைகளை ஒட்டிக் கோல் செய்தார். அந்தக் காலத்துப் பிளவுமூங்கில் கோல்களுக்கு நம் கல்கத்தாவில் இருந்து கப்பல் ஏறிய மூங்கில்தான் பேர்போனது. வளையங்களைக் கோலோடு கட்டியது பட்டு நூல். ஆக நான் பட்டு நூல் எடுத்தது மட்டும் மரபுப்படி சரி! இரண்டாம் உலகப் போரை ஒட்டி ஃபைபர் கிளாஸ் வந்தது. 1970-களில் கார்பன் இழை வந்தது. கோல் ஒல்லியாகவும் லேசாகவும் ஆகிவிட்டது. ஆனால் ஒல்லியான கோல் சுலபமாக முறுக்கிக் கொள்ளும்.

ஆகவே, ரீல் மேலே இருக்க வேண்டும், வளையங்கள் அடியில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்குமா? நடக்கும் என்று காட்டியவர்கள், கோலைக் கையால் ஒவ்வொன்றாகக் கட்டித் தரும் தொழிலாளிகள். முதல் வளையத்தை ரீலுக்கு நேராக மேலே வைத்தார்கள். அடுத்ததைக் கொஞ்சம் சாய்த்தார்கள். அதற்கடுத்ததை இன்னும் கொஞ்சம். இப்படிப் படிப்படியாகக் கோலைச் சுற்றி நரம்பை அடிக்குக் கொண்டு போய், அங்கிருந்து நுனிவரை அடியிலேயே விட்டார்கள். இதுதான் 'ஸ்பைரல் ராப்', அதாவது சுருள் கட்டு. அமெரிக்காவில் கட்டுபவர்கள் இதன் வகைகளுக்கு 'ராபர்ட்ஸ் ராப்', 'ஆசிட் ராப்', 'பம்பர் ராப்' என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். சிலர் நாலைந்து வளையத்தில் மெல்லத் திருப்புவார்கள். சிலர் பக்கவாட்டில் ஒரே ஒரு வளையத்தை வைத்து, நரம்பு கோலில் உரசாமல் அதில் மோதித் திரும்பும்படி விடுவார்கள். இன்று ஆழ்கடலில் ஜிக் போட்டுப் பிடிப்பதற்கென்று விற்கும் கோல்களில் பல, தொழிற்சாலையில் இருந்து வரும்போதே இப்படித்தான் வருகின்றன. மாமாவின் கோலும் அந்த இனம்.

டார்ஷன் ஃபார்முலா இங்கே என்ன செய்கிறது?

எனக்கு ஒரு சந்தேகம் மீதி இருந்தது. நரம்பைக் கோலைச் சுற்றித் திருப்பினால், அந்தத் திருப்பமே கோலை முறுக்காதா? "ஒரு முறுக்கை எடுக்க இன்னொரு முறுக்கா?" என்று மாமாவிடம் கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீதான் டிப்ளமோ படிக்கிற. நீ சொல்லு" என்றார். மானம் போகும் கேள்வி!

அன்று ராத்திரி புத்தகத்தை எடுத்தேன். தேர்வுக்காக இல்லாமல் நான் அதைத் திறந்தது அதுதான் முதல் தடவை. 'டி பை ஜே ஈக்வல் டு ஜி தீட்டா பை எல்.' தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வோம். இதற்கு அர்த்தம் என்ன? தண்டு எவ்வளவு கோணம் முறுக்கிக் கொள்ளும் என்பது, கொடுக்கும் முறுக்கு விசைக்கும் தண்டின் நீளத்துக்கும் நேர் விகிதம், ஜே என்ற அளவுக்கு எதிர் விகிதம். வட்டத் தண்டுக்கு அந்த ஜே, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது.

விட்டத்தின் நான்காம் அடுக்கு! அங்கேதான் எனக்கு உறைத்தது. மாமாவின் கோலை வெர்னியர் காலிப்பரால் அளந்தேன். கைப்பிடியை ஒட்டிய இடத்தில் 12 மில்லிமீட்டர், நுனியில் 2 மில்லிமீட்டர். விட்டம் ஆறு மடங்கு. நான்காம் அடுக்கு என்றால் 6 × 6 × 6 × 6 = 1296. ஒரே அளவு முறுக்கு விசையைக் கொடுத்தால், அடிப்பகுதி ஒரு பங்கு முறுக்கிக் கொள்ளும் இடத்தில் நுனி 1296 பங்கு முறுக்கிக் கொள்ளும்! கார்பன் கோல் உள்ளே குழலாக இருப்பதால் கணக்குக் கொஞ்சம் மாறும், ஆனால் போக்கு மாறாது.

இன்னொன்றும் இருக்கிறது. நுனி வளையத்தில் பிறக்கும் முறுக்கு விசை, அங்கிருந்து கைப்பிடி வரை கோலின் முழு நீளத்தையும் கடந்து நம் மணிக்கட்டுக்கு வருகிறது. நடுவில் உள்ள ஒவ்வொரு வளையமும் தன் பங்கைச் சேர்த்துக்கொண்டே வரும். நேர் கட்டில் நடப்பது இதுதான். சுருள் கட்டில், கோல் ஒல்லியாகவும் அதிகம் வளைவதாகவும் உள்ள நுனிப் பகுதி முழுவதும் நிலையான சமநிலையில் இருக்கிறது, முறுக்கே பிறப்பதில்லை. திருப்பம் முழுவதும் நடப்பது கைப்பிடியை ஒட்டிய தடித்த, வளையாத, குட்டையான பகுதியில். அந்த இடத்துக்கு அது எறும்புக் கடி.

ஆனால் எறும்புக் கடியும் கடிதானே? அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது புத்தகம் இல்லை, எங்கள் அப்பா.

அப்பா சொன்ன விடை

தறியில் இருந்தபடியே நாங்கள் பேசுவதை எல்லாம் அவர் கேட்டுக் கொண்டுதான் இருந்தார். "பாவு நூலுக்கு முறுக்கு எப்பிடிப் போடறாங்க, தெரியுமாடா உனக்கு?" என்றார். தறி வீட்டில் பிறந்தும் எனக்குத் தெரியாது.

ராட்டையில் இருந்து ஒரு துண்டு நூலை எடுத்து, ஒரே திசையில் நன்றாக முறுக்கி, இரண்டு முனையையும் ஒன்றாகக் கொண்டு வந்தார். நூல் தானாகவே பாம்பு போலச் சுருண்டு பின்னிக் கொண்டது. "ஒத்த பக்கமே முறுக்கினா அது அடங்காது. எப்ப அவுத்துக்கலாம், எப்ப சுருண்டுக்கலாம்னு பாத்துக்கினே இருக்கும். அதுக்குத்தான் ஒவ்வொரு இழையயும் தனியா ஒரு பக்கம் முறுக்கி, அப்புறம் ரெண்டு இழையச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கறது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கும். பாவு அமைதியா நிக்கும்."

மீண்டும் கோலைப் பார்த்தேன். முதல் வளையம் மேலே இருக்கிறது. அடுத்த வளையம் வலப்பக்கம். ஆகவே நரம்பு முதல் வளையத்தை மேலே இருந்து வலப்பக்கம் இழுக்கிறது. திருப்பத்தின் கடைசி வளையம் அடியில் இருக்கிறது. அதற்கு முந்தியதும் வலப்பக்கம்தான். ஆகவே நரம்பு அதையும் வலப்பக்கம் இழுக்கிறது, ஆனால் கீழே இருந்து! மேலே வலப்பக்கம் இழுத்தால் கோல் ஒரு திசையில் சுற்றும். கீழே வலப்பக்கம் இழுத்தால் எதிர்த்திசையில் சுற்றும். தண்ணீர்க் குழாயின் சக்கரத்தை ஒருவன் மேலேயும் இன்னொருவன் கீழேயும் பிடித்து இருவரும் ஒரே பக்கம் இழுத்தால் சக்கரம் நகருமா? இரண்டு முறுக்கும் ஒன்றை ஒன்று பெருமளவு கழித்துக் கொள்கின்றன. நடுவில் உள்ள வளையங்களை இரண்டு பக்கமும் சமமாக இழுப்பதால் அவை பெரும்பாலும் உள்நோக்கித்தான் அழுந்தும்.

எங்கள் வீட்டுப் பாவு நூலில் உள்ள தத்துவமும் மஸ்கட்டில் இருந்து வந்த தூண்டிலில் உள்ள தத்துவமும் ஒன்று!

நீங்களே செய்து பாருங்கள்

நம்பாதவர்கள் ஹாஸ்டல் மொட்டை மாடியில் சோதித்துக் கொள்ளலாம். ஒல்லியான மூங்கில் கழி ஒன்று, ஆறு எடுத்துக் கொள்ளுங்கள் கம்பி வளையம், கொஞ்சம் தங்கூஸ், ஒரு செங்கல் துண்டு. இவ்வளவுதான். முதலில் வளையங்களை ஒரே வரிசையில் கட்டி, மேல்பக்கம் வைத்து எடையைத் தூக்குங்கள். கழி கையில் புரளும். "மூங்கிலில் ஒரு பக்கம் கெட்டியாக இருக்கும், அதனால் புரள்கிறது" என்று யாராவது சொன்னால், வளையங்களைக் கழியின் நான்கு பக்கத்திலும் மாற்றி மாற்றிக் கட்டிப் பாருங்கள். நானும் பார்த்தேன். எந்தப் பக்கம் கட்டினாலும், மேலே இருக்கும் வளையம் கீழே போகத்தான் பார்க்கிறது. பிறகு சுருள் கட்டாகக் கட்டித் தூக்குங்கள். பிடியைத் தளர்த்தினாலும் கழி அசையாது.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. வளையங்களை முதலில் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, எடையைத் தொங்கவிட்டு, நரம்பு எங்கேயும் கோலில் உரசவில்லை என்று பார்த்த பிறகே நூல் சுற்ற வேண்டும். நூலின் தொடக்க முனையை முதல் சில சுற்றுகளுக்கு அடியிலேயே அமுக்கிவிட வேண்டும். முடிக்கும்போது ஒரு தனி நூலை மடித்துக் கடைசிச் சுற்றுகளுக்கு அடியில் வைத்து, மிச்ச முனையை அதில் கோத்து உருவிவிட்டால் முடிச்சே தெரியாது. கிரிக்கெட் மட்டைக் கைப்பிடிக்கு நூல் சுற்றியவர்களுக்கு இது தெரிந்த வித்தைதான்.

சுருள் கட்டில் குறையே இல்லையா? உண்டு. பார்ப்பவர்கள் எல்லாம் என்னைப் போலவே 'கோணல்' என்பார்கள். கட்ட நேரம் அதிகம். சின்ன மீனுக்கும் குட்டைக் கோலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பலம் காட்டும் மீன் வரும்போதுதான் அதன் அருமை கையில் தெரியும்.

முடிவாக...

மாமாவின் லீவு முடிய மூன்று நாள் இருந்தது. நான் கட்டியது அத்தனையையும் நானே அறுத்தேன். பேப்பரில் பாகைமானியால் கோணம் குறித்துக் கோலில் சுற்றி ஒட்டினேன். முதல் வளையம் 0 டிகிரி, இரண்டாவது 60, மூன்றாவது 120, நான்காவது 180, மீதி எல்லாம் 180. மறுபடியும் பட்டு நூல், மறுபடியும் வார்னிஷ். மறுபடியும் அதே பக்கெட், அதே மூன்று லிட்டர். இந்தத் தடவை மாமா கோலை வாங்கி, இரண்டு விரலில் லேசாகப் பிடித்துத் தூக்கினார். கோல் வளைந்தது, புரளவில்லை. "ம்" என்றார். எங்கள் மாமாவிடம் இருந்து அதுவே பெரிய சர்டிபிகேட்.

அப்பா மட்டும் விடவில்லை. "தறியில உனக்கு முன்னாடி உக்காந்தவன் ஒரு முடிச்சு போட்டுட்டுப் போயிருந்தா, ஏன் போட்டான்னு தெரியாம அறுக்கக் கூடாதுடா. அது முடிச்சில்ல, ஏதோ ஒண்ணப் புடிச்சிக்கினு இருக்குது" என்றார்.

தோழர்களே, இன்னும் சில மாதத்தில் நாம் ஆளுக்கொரு தொழிற்சாலையில் டிரெயினியாக நிற்கப் போகிறோம். அங்கே நமக்கு முன் வேலை பார்த்த பெரியவர், ஏட்டுப் படிப்பு இல்லாதவராகக்கூட இருக்கலாம், ஒரு போல்ட்டைக் கோணலாக வைத்திருப்பார். ஒரு கார்டை விசித்திரமாக வளைத்து மாட்டியிருப்பார். நம் கை துறுதுறுக்கும், நேராக்கிவிடலாம் என்று. நான் கெடுத்தது ஒரு தூண்டில், பக்கெட்டோடு போயிற்று. பிரஸ்ஸிலோ லேத்திலோ அதையே செய்தால் போவது யாருடைய விரலோ! கோணலைக் கண்டால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கேள்வியை எடுப்போம். கேட்ட பிறகும் அது கோணல்தான் என்று தெரிந்தால், அப்போது தாராளமாக நேராக்குவோம்.

மாமா மஸ்கட் போய் ஒரு மாதம் கழித்து ஒரு போட்டோ அனுப்பினார். படகில் நிற்கிறார், கையில் வளைந்த கோல். வளையங்களில் நம் ஊர்ப் பட்டு, வார்னிஷில் கறுத்துப் போய், வெயில் பட்ட இடத்தில் மட்டும் அரக்குச் சிவப்பாகத் தெரிகிறது. மீன் எவ்வளவு பெரியது என்று கேட்டேன். "அது தப்பிச்சிடுச்சு மாப்ளே. ஆனா கை வலிக்கல" என்றார்.



— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை